கழுவாத கோழி

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் மூண்ட சண்டை அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். என் மகளும் அவளுடைய தாய்மாமனும் அப்படி நினைக்கவில்லை. பந்தயம் பந்தயம்தான் என்று இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

பந்தயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை கோழிக் கண்காட்சியில் எங்கள் வீட்டுக் கூண்டு ஏதாவது ஒன்றில் முதல் பரிசு அட்டை விழவேண்டும். விழுந்தால் என் மனைவி வளர்த்த பேன்டம் கோழிகள் எங்கள் வீட்டிலேயே இருக்கும். விழாவிட்டால் அத்தனையும் மச்சினன் வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விடும்.

"நீ பெயின்ட் கடைக்குப் போறே. அத்தான் அச்சாபீஸுக்குப் போறாரு. பகல் பூரா அதுங்களை யாரு பார்ப்பா, காக்காவா?" என்பது அவன் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் மனைவி இறந்த பிறகு அவளுடைய புடவைகளைக் கொடுத்தாயிற்று. கண்ணாடியும் செருப்பும் கூடப் போய்விட்டன. விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் அந்தக் குரல்களையும் கொடுப்பது என்றால், அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை. இதை நான் வெளியே சொல்லவில்லை. மகளுக்குச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அந்தக் கோழிகளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கைக்கு அடக்கமான குட்டைக் கோழிகள். கால் விரல் நுனிவரை இறகு. நடந்தால், அப்பாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு குழந்தை நடப்பது மாதிரி இருக்கும். முட்டிக்குப் பின்னால் விறைப்பான இறகுகள் சில, தரையைப் பார்த்துச் சாய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும். என் மனைவி அதை விசிறி என்பாள். அவள் பேர் வாங்கியது நீல நிறத்தில். கோழிக்காரர்கள் நீலம் என்று சொல்வது நம் கண்ணுக்கு மழைமேகச் சாம்பல். ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் மை தீட்டியது போல ஒரு கரை.

வாரத் தொடக்கத்தில் மச்சினன் சமாதானத்துக்கு வந்தான். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். வருஷக்கணக்காகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் மிதித்த கால், சோபாவில் உட்கார்ந்தாலும் சும்மா இருக்காது. யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினாலே வலது கால் தரையை அழுத்தும். அதனால் அவனுக்குக் குடும்பத்தில் பிரேக் என்று பெயர்.

"மருமகளே, சண்டை வேற, சேவல் வேற. உன் சேவலையும் கொடு. என்னோடதோட சேர்த்துக் குளிப்பாட்டி, ஞாயித்துக்கிழமை காலைல கொண்டு வரேன். உங்க வீட்டுத் தண்ணி உப்பு. இறகு விறைச்சுப் போகும்."

அது உண்மை. என் மனைவியும் கண்காட்சிக் கோழிகளை அவன் வீட்டில்தான் குளிப்பாட்டுவாள். மகள் தன் நீலச் சேவலைக் கொடுத்தாள். கூடவே ஒரு கோழியையும் நீட்டினாள்.

"இதையும்தான் எழுதிக் கொடுத்திருக்கேன், மற்ற நிறங்கள் பிரிவுல."

பிரேக் அந்தக் கோழியைப் பார்த்தான். அழுக்கு வெள்ளை. அதன்மேல் யாரோ பேனாவை உதறியது போல நீலமும் கறுப்புமாகத் தெறிப்புகள். மகள் அதைக் கறைக்காரி என்று கூப்பிடுவாள்.

"இதையா? இது உங்க கடையில தரையில விரிக்கிற துணி மாதிரி இருக்கு. கழுவினா கறை போயிடும், அப்புறம் கோழியே மிச்சம் இருக்காது. நீயே வச்சுக்கோ."

அப்படித்தான் கறைக்காரி கழுவாமல் வீட்டில் தங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரேக் இரண்டு பெட்டிகளோடு வந்தான். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. பெட்டியைத் திறந்ததும் நானே அசந்துவிட்டேன். இரண்டு சேவல்களும் அப்போதுதான் மேகத்திலிருந்து இறக்கி வைத்தது போல இருந்தன. மகள் தன் சேவலைத் தூக்கி மேஜைமேல் நிற்கவைத்தாள். முன்னால் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். குனிந்து காலைப் பார்த்தாள். பிறகு வெகுநேரம் நிமிரவில்லை.

"மாமா, விசிறி எங்கே?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா?"

"ஒவ்வொண்ணா. பக்குவமா. கொஞ்சம்கூட ரத்தம் வரல."

"எதுக்கு?"

"குத்தம்மா அது! தீவனக் கடையில பெரிய கோழிக்காரர் ஒருத்தர் சொன்னாரு. முட்டியில விறைச்சுக்கிட்டு இறகு நின்னா நடுவர் பக்கத்திலேயே வரமாட்டாங்களாம். அக்கா இருந்தா உனக்குச் சொல்லியிருப்பா. இப்ப நான்தானே சொல்லணும்? குத்தம் உள்ள சேவலோட வந்து நீ தோத்தா அதுல எனக்கு என்ன பெருமை?"

மகள் மிகப் பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பொறுமை அவள் அம்மாவுடையது. அது வந்தால் நான் வேறு அறைக்குப் போய்விடுவது வழக்கம்.

"அவர் வளர்க்கிறது என்ன கோழி?"

"உருண்டையா, பந்து மாதிரி இருக்கும். அதுக்கும் கால்ல இறகு உண்டே."

"பந்துக் கோழிக்கு அது இருந்தா குத்தம். நம்ம கோழிக்கு அது இல்லேன்னா குத்தம். விசிறி இல்லாத சேவலை நம்ம பிரிவுல பார்க்கவே மாட்டாங்க, மாமா."

பிரேக்கின் வலது கால் தரையை அழுத்தியது. அழுத்தியபடியே நின்றது.

"அப்போ உங்க சேவல்?" என்றேன் நான்.

"அதுக்குத்தான், அத்தான், முதல்ல பிடுங்கினேன்."

மகள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிரேக் மட்டும் சிரிக்கவில்லை. பிடுங்கிய இறகு ஒன்று அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எடுத்துப் பார்த்தான். திரும்ப ஒட்டவைக்க வழி உண்டா என்று யோசிப்பவன் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதைப் பார்த்ததும் எங்கள் சிரிப்பு நின்றது.

"முளைக்கும்ல?" என்றான்.

"முளைக்கும். இன்னைக்கு முளைக்காது."

பத்து மணிக்கு அரங்கத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் கூண்டில் விடவேண்டும். கண்காட்சிக்கு எழுதிக் கொடுத்ததில் விசிறியோடு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பறவைதான். அது வாசல் குழாயடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அப்பா, அடுப்புல தண்ணி வைங்க. குழாய்த் தண்ணி வேணாம். குடிக்கிற கேன் தண்ணி."

கேனைத் தூக்கிச் சாய்த்தேன். அன்றைக்கு எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது வேறு கதை.

மகள் கறைக்காரியைப் பிடித்து வருவதற்குள் குளியலறையில் மூன்று தொட்டிகளை வரிசையாக வைத்தேன். முதலாவதில் சோப்பு நுரை. இரண்டாவதில் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர். மூன்றாவதில் ஒரு கரண்டி வினிகர், சோப்பு ஒட்டாமல் போவதற்கு. மகள் வந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க கோழியைத் தொட்டதே இல்லையே."

"மாமா வீட்டுக் குளியலறைக் கதவுல சாஞ்சுக்கிட்டு நின்னது யாரு? உங்கம்மா குளிப்பாட்டும்போது பேச்சுத் துணைக்கு நான்தான்."

"அப்ப நீங்களே பிடிங்க. நான் பெட்டியைத் தயார் பண்றேன். ஹேர் டிரையர் எடுத்து வரேன்."

கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஈரக் கோழிக்கும் என் தொழிலுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் என் கைகளுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தது. இறகு வளரும் பக்கமாகவே தேய்க்கவேண்டும். கால் இறகுக்குப் பழைய பல்துலக்கி. விரல்களுக்கு நடுவில் அழுக்கு தங்கும். தலையில் நுரை படக்கூடாது. வெந்நீரில் இறக்கியதும் முதலில் உதறினாள். பிறகு கழுத்தைத் தளர்த்தினாள். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணை மூடிக்கொண்டு தூங்கிப்போனாள்.

'உங்க பேச்சைக் கேட்டா கோழியும் தூங்கிடுது பாருங்க' என்று என் மனைவி சொல்வாள். நான் அன்று ஒன்றும் பேசவில்லை. இருந்தும் தூங்கினாள்.

பிரேக் கதவருகே வந்து நின்றான். நான் நின்ற இடத்தில், நான் நின்றது போலவே சாய்ந்துகொண்டு.

"அத்தான், தண்ணி மாத்தித் தரவா?"

"துண்டு கொடு, மாப்ளே."

கொடுத்தான். துண்டில் சுற்றி அவன் கையில் வைத்தேன். கைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு கையிலும் வாங்கினான்.

"அக்கா எதுக்கு இந்தக் கறைக் கோழியைக் கடைசிவரை கழிச்சுக் கட்டல? நீலம் நீலமா வச்சுக்கிட்டிருந்தவ."

பதிலை மகள் சொன்னாள், டிரையரைச் சொருகியபடியே. "நீலச் சேவலையும் நீலக் கோழியையும் சேர்த்தீங்கன்னா பாதிதான் நீலம் வரும். மீதி கறுப்பும் கறையும். உங்க மாடியில அப்படித்தானே பொரிச்சுது?"

"ஆமா. கறுப்பெல்லாம் கழிவுன்னு நினைச்சேன்."

"கறுப்புச் சேவலையும் கறைக் கோழியையும் சேர்த்தா பொரிக்கிறது அத்தனையும் நீலம். ஒண்ணுகூடத் தப்பாது. எங்க கடையில சாம்பல் நிறம் கேட்டா டப்பாவுல சாம்பலா வச்சிருக்கோம்? வெள்ளையில கறுப்பை விட்டுத்தானே கலக்குறோம். என் சேவலோட அம்மா நீங்க கையில வச்சிருக்கிற தரைத்துணிதான்."

பிரேக் துண்டுக்குள் எட்டிப் பார்த்தான். கறைக்காரி ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"சொல்லக்கூடாதா இதை?"

"நீங்க கேட்டாத்தானே."

கால் இறகு காய்வதுதான் தாமதம். அவசரப்பட்டுச் சூடு வைத்தால் சுருண்டுவிடும். மகள் டிரையரைத் தள்ளிப் பிடிக்க, நான் விரலால் ஒவ்வோர் இறகாக நேராக்க, பிரேக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காய்ந்துவந்தபோதுதான் அவளை நான் முதல்முறையாகச் சரியாகப் பார்த்தேன். அழுக்கென்று நினைத்ததெல்லாம் அழுக்கு; அது போய்விட்டது. வெள்ளையின்மேல் ஒவ்வொரு தெறிப்பும் அதனதன் இடத்தில் துலக்கமாக நின்றது. முட்டிக்குப் பின்னால் இரண்டு விசிறிகளும் நிமிர்ந்து விரிந்தன.

பயிற்சிக் காரில் கிளம்பினோம். மகள் ஓட்டினாள். பிரேக் தன் வழக்கமான இருக்கையில், அவனுக்கென்று காலடியில் தனி பிரேக்கோடு. பின்னால் நான், மடியில் கறைக்காரியின் பெட்டி. பக்கத்தில் விசிறி இழந்த இரண்டு சேவல்கள்.

"மாமா, ஒரு தடவை மிதிச்சீங்கன்னாலும் கோழி முன்னால வந்து விழும். பார்த்துக்கோங்க."

"நான் எங்க மிதிக்கிறேன்?"

"இப்ப மிதிச்சீங்க."

"அது பழக்கம்மா. சும்மா தொட்டேன்."

அவன் கடைசியில் காலைத் தூக்கி இருக்கைமேல் மடித்து வைத்துக்கொண்டான். வழிநெடுக மற்ற ஓட்டுநர்கள் அவனை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

கதவைச் சாத்தப்போன நேரத்தில் உள்ளே நுழைந்தோம். விளையாட்டு அரங்கம் முழுக்கக் கம்பிக் கூண்டுகள், மரத்தூள் வாசனை, ஒன்றையொன்று மிஞ்சும் கூவல்கள். கறைக்காரியை அவளுடைய கூண்டில் விட்டோம். சேவல்களின் கூண்டுகள் இரண்டும் காலியாக, எண் மட்டும் தொங்க, அடுத்த வரிசையில் இருந்தன.

"அப்படியே விட்டுடலாம், மாமா. வரலைன்னு போட்டுக்குவாங்க," என்றாள் மகள்.

பிரேக் அதற்குச் சம்மதிக்கவில்லை. வெள்ளை மேலங்கியோடு குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நடுவர் அம்மாளிடம் நேராகப் போனான். இரண்டு பெட்டிகளையும் திறந்து காட்டினான்.

"அம்மா, இது ரெண்டுக்கும் முட்டி இறகை நான்தான் பிடுங்கினேன். ஒண்ணு என் மருமகளோடது. அவளுக்குத் தெரியாது. நாளைக்கு யாராவது பார்த்துட்டு, அந்த வீட்டுல கோழிக்கு வேலை பண்ணித்தான் கொண்டு வருவாங்கன்னு பேசக்கூடாது. என் அக்கா ஒரு இறகைக்கூடப் பிடுங்கினவ இல்ல."

சுற்றி நின்ற நாலைந்து கோழிக்காரர்கள் திரும்பினார்கள். நடுவர் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சேவலைப் பார்த்தார்.

"யார் சொல்லிப் பிடுங்கினீங்க?"

"பந்துக் கோழி வளர்க்கிறவர் ஒருத்தர்."

"அவர் சொன்னது சரிதான். கோழிதான் தப்பு."

அரங்கமே சிரித்தது. "அடுத்த தடவை வாத்து வளர்க்கிறவர்கிட்ட கேளு, நீச்சல் கத்துக் கொடுக்கச் சொல்வாரு!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். பிரேக் தலையைத் தொங்கப்போடவில்லை. பெட்டிகளை மூடி எடுத்துக்கொண்டு, எங்கள் பக்கத்தில் வந்து நின்றான். மகள் அவன் கையிலிருந்து ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

மற்ற நிறங்கள் பிரிவுக்கு நடுவர் வந்தபோது நாங்கள் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்றோம். நல்ல போட்டிதான். பக்கத்துக் கூண்டில் தங்க நிறத்தில் வெண்புள்ளி வைத்த கோழி ஒன்று, தன் அழகு தனக்குத் தெரிந்த தோரணையில் நின்றது. அதற்கடுத்து அப்பழுக்கில்லாத வெள்ளை ஒன்று.

வெள்ளையை எடுத்தார், கால் இறகில் இரண்டு முறிந்திருந்தன, வைத்துவிட்டார். பொன்னிறத்தாளை வெகுநேரம் வைத்திருந்தார். மகள் என் முழங்கையைப் பிடித்தாள். பிறகு கறைக்காரியை வெளியே எடுத்தார். சிறகை விரித்தார், மார்பைத் தடவினார். முகம் சுருங்கியது.

"இதை எப்பக் குளிப்பாட்டினீங்க?"

"இன்னைக்குக் காலைல," என்றாள் மகள்.

"தெரியுது. இறகுல எண்ணெய் இன்னும் ஏறல. பளபளப்பே இல்ல. ரெண்டு நாள் முன்னாடி கழுவியிருக்கணும்."

பிரேக் மெதுவாக, "அன்னைக்குக் கொடுத்தப்பவே நான் கழுவியிருக்கணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நடுவர் கறைக்காரியைக் கூண்டில் திரும்ப விட்டார். குச்சியை நீட்டி முதுகைத் தொட்டார். கறைக்காரி நிமிர்ந்தாள். ஓரடி எடுத்து வைத்தாள், பூட்ஸ் கால் ஒன்றைத் தூக்கி, யோசித்து, மரத்தூளில் வைத்தாள். விசிறிகள் இரண்டும் அவளுக்குப் பின்னால் சாய்வாக விரிந்து நின்றன, ஓர் இறகும் முறியாமல். குச்சி அங்கே வந்து நின்றது. நடுவர் பொன்னிறத்தாளின் முட்டியை மறுபடி பார்த்தார். அங்கே விசிறி இருந்தது, ஆனால் குட்டை.

"பளபளப்பு நாளைக்கு வரும்," என்றார் உதவியாளரிடம். "இந்தக் கால் வராது."

முதல் பரிசு அட்டையைக் கறைக்காரியின் கூண்டில் செருகினார்கள்.

மகள் கயிற்றைத் தாண்டினாள். கூண்டுக்கு முன்னால் போய்க் குனிந்து, அட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். பிரேக் அவள் தலையில் கை வைத்தான்.

"ஜெயிச்சுட்டே, மருமகளே. கோழிங்க எல்லாம் உங்க வீட்லயே இருக்கட்டும். பகல்ல நான் வந்து பார்த்துக்கிறேன். காக்காவுக்கு விடமாட்டேன்."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மரத்தூள்.

நடுவர் போகிற போக்கில் நின்றார். "நல்ல கோழிம்மா. இதுக்கு ஜோடியா கறுப்புச் சேவல் இருக்குல்ல? இதே ரத்தத்துல? அது இருந்தா உங்க வீட்டு நீலத்துக்கு இன்னும் பல வருஷத்துக்குக் கவலையில்லை."

"இருக்கும்மா. அம்மா கையில பொரிச்ச கறுப்பு. ரெண்டு சேவலும் சண்டை போடுதுன்னு மாமா மாடியில விட்டு வச்சிருக்கேன்," என்றாள் மகள் நிமிர்ந்து. பிறகு திரும்பினாள். "மாமா, கறுப்பனை நாளைக்குக் கொண்டு வந்துடுங்க."

பிரேக்கின் வலது கால் அரங்கத்தின் சிமென்ட் தரையை அழுத்தியது.

"மாமா?"

"அது... கறுப்புதானே, கழிவுன்னு நினைச்சேன்னு காலைலயே சொன்னேனே."

"யாருக்குக் கொடுத்தீங்க?"

"என்கிட்ட கார் கத்துக்கிட்டவர் ஒருத்தர். மூணு தடவை பரீட்சையில தோத்தாரு. போன வாரம் பாஸ் பண்ணிட்டாரு. சந்தோஷத்துல பரிசாக் கொடுத்துட்டேன்."

"சரி, கேட்டா திருப்பித் தருவாரு. நல்ல மனுஷன்தானே? என்ன பண்றாரு?"

பிரேக் என்னைப் பார்த்தான். நான் உதவ முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது.

"ஹோட்டல் வச்சிருக்காரு."

கறைக்காரியைப் பெட்டியில் போட்டது யார், கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்தது யார் என்று எனக்கு நினைவில்லை. காருக்கு ஓடினோம். மகள் சாவியைத் திருகினாள். அட்டை என் சட்டைப் பையில் இருந்தது, பெட்டி என் மடியில். கார் தெருவில் திரும்பியதும் முன்னால் ஒரு விளக்கு மஞ்சளுக்கு மாறியது. பிரேக்கின் காலைப் பார்த்தேன். அது இருக்கைமேல் மடிந்தே இருந்தது.

"போ, மருமகளே," என்றான் அவன். "வேகமாப் போ."